ஓய்வுக்காலச் சேமிப்பு: யாருடைய கணக்கு?

கீழப்பாவூரில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் தம்பதியர் சென்ற மாதம் ஒரு மாலையில் வந்திருந்தார்கள். கணவருக்கு வயது 62. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தவர். 58 வயதுக்குப் பிறகும் நிறுவனம் வேலை கொடுத்து வந்தது, கடந்த மார்ச்சில் அதுவும் முடிந்தது. மனைவிக்கு 58. இந்தப் பகுதியின் பல்லாயிரம் பெண்களைப் போலத் திருமணத்துக்கு முன்பிருந்தே மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியவர். "எல்லாம் சேத்து முப்பது லட்சம் இருக்கு அண்ணாச்சி. இது போதுமா?" என்றார் கணவர். முப்பத்து சொச்சம் ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவனிடம் இதைவிட நேரான கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர்களுடைய ஒப்புதலோடு, அடையாளங்களைச் சற்று மாற்றி, அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே பணியில் சேர்ந்தவன் என்பதால் பழைய ஓய்வூதியம் பெறுகிறேன். அகவிலைப்படி உயரும்போது என் ஓய்வூதியமும் உயர்கிறது. எனக்குப் பின் என் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆகவே "போதுமா?" என்ற கேள்வியை நான் எனக்காகக் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்காமல் இருக்க முடிந்ததற்கு என் சிக்கனம் காரணமல்ல. பணியில் சேர்ந்த தேதிதான் காரணம்.

அவர்களுடைய நிலை வேறு. சொந்த வீடு இருக்கிறது. கடன் இல்லை. மாதச் செலவு 22,000 ரூபாய். கணவருக்குத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், அதாவது 1995 நவம்பரில் தொடங்கிய இ.பி.எஸ். திட்டத்தில், மாதம் 4,000 ரூபாய் வருகிறது. மனைவிக்கு அதே திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய். முப்பது லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 8.2 சதவீத வட்டியில் மாதத்துக்கு 20,500 ரூபாய் கிடைக்கும். ஆக மொத்தம் 25,500 வரவு, 22,000 செலவு. மிச்சம் 3,500. கணவர் போட்டு வைத்திருந்த கணக்கு இதுதான், கூட்டலில் பிழையில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவர் அல்லவா?

பிழை காலத்தில் இருந்தது. ஓய்வூதியம் ஐயாயிரம் என்றைக்கும் ஐயாயிரம்தான். வட்டி 20,500-உம் ஏறப்போவதில்லை. செலவு மட்டும் ஏறும். ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இன்றைய 22,000 மூன்று ஆண்டுகளில் 26,200 ஆகிவிடும். பன்னிரண்டு ஆண்டுகளில் இரு மடங்கு. அதாவது மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் வரவைச் செலவு தாண்டும். அதற்குப் பிறகு முதலில் கை வைக்க வேண்டும். முதல் குறைந்தால் வட்டி குறையும். வட்டி குறைந்தால் முதல் இன்னும் வேகமாகக் கரையும். தாளில் போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 16 ஆண்டுகளில் முப்பது லட்சமும் தீர்ந்துவிடுகிறது. விலைவாசி 5 சதவீதம் மட்டுமே ஏறினால் 18 ஆண்டுகள் தாங்கும்.

இப்போதுதான் விலைவாசி அடங்கியிருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் கால் சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5-லிருந்து 5.25 சதவீதத்துக்குக் குறைத்தது. வங்கிகளின் வைப்பு வட்டியும் பின்னாலேயே இறங்கியது. வட்டியில் வாழ்பவருக்கு விலைவாசி இறங்கும்போது வரவும் இறங்குகிறது. அஞ்சலகத் திட்டத்தின் வட்டியும் நிலையானதன்று. கொரோனா காலத்தில் அது 7.4 சதவீதமாக இருந்தது. அந்த விகிதத்தில் முப்பது லட்சத்துக்கு மாதம் 18,500-தான் வரும். போட்ட பணத்துக்கு ஐந்து ஆண்டுகள் வட்டி மாறாது. அதற்குப் பிறகு நீட்டிக்கும்போது அன்றைய வட்டிதான்.

யூடியூபில் நிதி ஆலோசனை சொல்பவர்கள் "ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும்" என்கிறார்கள். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த விதி அது. முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4 சதவீதம் எடுக்கலாம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம், முப்பது ஆண்டுகள் தாங்கும் என்று அமெரிக்கப் பங்குச் சந்தையின், கடன் பத்திரங்களின் பழைய வரலாற்றை வைத்து அவர் கணக்கிட்டார். சேமிப்பில் பாதியாவது பங்குகளில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பாவூர்சத்திரத்து வங்கி வாசலில் நிற்கும் முதியவர்களில் எத்தனை பேரிடம் பங்குகள் இருக்கும்? நம்மவர் சேமிப்பு வைப்புத் தொகையிலும் நகையிலும் நிலத்திலும் இருக்கிறது. எனவே வகுப்பில் நான் சொல்லும் விதி எளிமையானது. வட்டியும் விலைவாசியும் சமமாக ஓடினால், எத்தனை ஆண்டு வாழப்போகிறோமோ அத்தனை மடங்கு ஆண்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். வட்டி இரண்டு சதவீதம் கூடுதலாக ஓடினால் முப்பது ஆண்டுகளுக்கு 22 மடங்கு போதும். இந்தத் தம்பதியரிடம் இருப்பது 11 மடங்கு.

இதுவரை பேசிக்கொண்டிருந்தவர் கணவர்தான். மனைவி எழுந்து போகிற வேளையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவுகளுக்கு அப்புறம் எனக்கு என்ன வரும் அண்ணாச்சி?"

அவர் கேட்ட பிறகுதான் நானும் தவறான கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. பதினாறு ஆண்டுகளில் பணம் தீரும் என்றால் அன்று கணவருக்கு வயது 78, மனைவிக்கு 74. நம் நாட்டில் 60 வயதை எட்டியவர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் வாழ்கிறார்; பெண்கள் ஆண்களைவிடச் சற்றுக் கூடுதலாக. நம் வழக்கப்படி மனைவி வயதில் இளையவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஓய்வுக்காலத்தின் கடைசிப் பகுதி பெரும்பாலும் ஒரு விதவையின் காலம். பணம் தீர்கிற காலமும் அதுவே. கணவனின் மருத்துவச் செலவு முழுவதும் இருவருக்குமான பணத்திலிருந்து போகும். மனைவியின் மருத்துவச் செலவு வரும்போது பணம் இருக்காது.

அவருக்கு என்ன வரும்? இ.பி.எஸ். திட்டத்தில் கணவரின் ஓய்வூதியத்தில் பாதி, 2,000 ரூபாய். அவருடைய சொந்த 1,000. ஆக 3,000. வீட்டில் ஒருவர் குறைந்தால் செலவு பாதியாகாது. மின் கட்டணமும் வீட்டு வரியும் ஓடு மாற்றும் செலவும் ஆள் எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்றில் இரண்டு பங்காவது இருக்கும்.

அந்த ஆயிரம் ரூபாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பீடித் தொழில் 1977-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் கீழ் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவர் தொழிலாளரே அல்லர் என்று முதலாளிகள் வாதிட்டார்கள்; 1985-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. ஆலங்குளம், முக்கூடல், கடையம், கீழப்பாவூர் பகுதிப் பெண்கள் கையில் ஓய்வூதியம் என்று ஒன்று வந்ததற்கு அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். மகத்தான வெற்றிதான். ஆனால் 2014 செப்டம்பரில் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை இன்றும் ஆயிரமாகவே நிற்கிறது. இடையில் விலைவாசி ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆதரவற்ற முதியோருக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுக்கணக்கில் தன் கூலியிலிருந்து சந்தா கட்டிய பெண், எதுவுமே கட்ட இயலாதவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகப் பெறுகிறார். உதவித்தொகை அதிகம் என்று நான் சொல்லவில்லை. சந்தா கட்டியதற்கு என்ன பொருள் என்று கேட்கிறேன். இதை 7,500 ஆக்கி அகவிலைப்படியும் தர வேண்டும் என்று ஓய்வூதியர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. தொகையைப் பற்றி வாதிடலாம். விலைவாசியோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையில் வாதிட எதுவும் இல்லை.

ஓய்வூதியம் என்றாலே நம் அரசியலில் அரசு ஊழியர் பேச்சாகிவிடுகிறது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசு 2026 ஜனவரி 3 அன்று உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி மாத அடிப்படை ஊதியத்தில் பாதி ஓய்வூதியம், அகவிலைப்படி உயர்வு, ஓய்வூதியர் இறந்தபின் குடும்பத்துக்கு அதில் 60 சதவீதம் என்பன அதன் கூறுகள். அரசு ஊழியர்கள் நீண்ட காலம் போராடிப் பெற்றது. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அத்திட்டங்களில் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாழ்நாள் முழுவதும் வரும், விலைவாசியோடு ஏறும், துணைவருக்கும் தொடரும். என் அண்டை வீட்டாரின் முப்பது லட்சத்துக்கு இந்த மூன்று குணங்களும் இல்லை. அதனால்தான் ஓய்வூதியம் பெறுபவரின் வீட்டோடு ஒப்பிட்டு "அவர்களுக்கு வருவதுதானே நமக்கும் வருகிறது" என்று கணவர் நினைத்தது தவறானது.

மருத்துவத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபர் இறுதியில் விரிவாக்கப்பட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இவர்களுடைய வட்டி வரவே அதைத் தாண்டிவிடுகிறது. கணவருக்கு 70 ஆக எட்டு ஆண்டுகள், மனைவிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். அதுவரை திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஒரு முறை போய் வந்தால், மேலே போட்ட பதினாறு பதின்மூன்று ஆகலாம்.

நகையை இருவரும் பேச்சிலேயே எடுக்கவில்லை. கடந்த டிசம்பரில் சவரன் ஒரு லட்சத்தைத் தொட்டது. தாளில் பார்த்தால் பெரிய சொத்து. ஆனால் அது மகளுக்குப் போவது என்று வீட்டில் எல்லோரும் அறிவார்கள். விற்கப்போகாத நகையைச் சேமிப்பில் எழுதுவதில் பயனில்லை.

பேச்சில் தற்செயலாக வெளிவந்தது ஒரு ஏக்கர் நிலம். பெரியகுளத்துப் பாசனம். காய்கறி போடுபவருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். கணக்கில் அதைச் சேர்க்காததற்குக் காரணம், அதை விற்று மகன் சென்னையில் வாங்கவிருக்கும் அடுக்ககத்துக்கு முன்பணம் தருவதாகப் பேச்சு. நான் தலையிட்டது இந்த இடத்தில்தான். இவர்களிடம் விலைவாசியோடு சேர்ந்து ஏறக்கூடிய வருமானம் இந்தக் குத்தகை ஒன்றுதான். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி போகிறவரை காய்கறி விலை ஏறினால் குத்தகையும் ஏறும். குளம் பெருகாத ஆண்டில் வராது என்பதும் உண்மை. கணவர் இன்னும் மூன்று ஆண்டுகள் ஏதாவது ஒரு கடையில் 12,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதினால் பதினாறு ஆண்டு பத்தொன்பதை நெருங்குகிறது. நிலத்தை விற்காமல் குத்தகையையும் சேர்த்தால் 22 ஆண்டுகள். கணவர் 78 வயதில் காலமாகிறார் என்று வைத்துக்கொண்டால், மீதிப் பணமும் குத்தகையும் மனைவிக்கு 84 வயது வரை தாங்கும். இதை அவர்கள் முன்னால் சொல்வதற்குச் சற்றுத் தயங்கினேன். சொன்னபோது இருவருமே தயங்காமல் கேட்டார்கள்.

எல்லாவற்றையும் இருவர் பெயரிலும் வையுங்கள், வீட்டை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதாதீர்கள் என்றும் சொன்னேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைப் பராமரிக்காதபோது மீட்க அதில் வழியுண்டு. ஆனால் 75 வயதில் தென்காசிக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் ஏறி இறங்கி மகன் மேல் மனுக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அவர்கள் மகன் நல்ல பிள்ளை. எனக்குத் தெரியும். அவனுக்கும் சென்னையில் மாதத் தவணை இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இருக்கிறது. அவன் மனைவி தரப்புப் பெற்றோரும் இருக்கிறார்கள். அவனுக்கு யாரும் ஓய்வூதியம் தரப்போவதில்லை.

குற்றால சீசனுக்கு மகன் குடும்பத்தோடு வருகிறானாம். நிலத்தைப் பற்றி அப்போது பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கெழுதிய தாளை மனைவி வாங்கிக்கொண்டு போனார்.