இறந்தவரை இரண்டு முறை சாகடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விபத்தில் சிக்கியவர் மூளைச்சாவு அடைந்து உயிருக்குப் போராடினார் என்றும், உறுப்புகள் தானமாகப் பெறப்பட்ட பிறகு உயிரிழந்தார் என்றும் நாளிதழ்கள் எழுதுகின்றன. உயிரோடு இருந்தவரின் இதயத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்?

மூளைச்சாவு, அதாவது மூளைத்தண்டுச் சாவு, உறுதியானால் அவர் இறந்துவிட்டார் என்பதே 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சோதிக்கிறது. குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் சோதிக்கிறது. உறுப்பு மாற்று அறுவை செய்பவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. வென்டிலேட்டர் இல்லாமல் தானாக மூச்சு வருகிறதா என்றும் பார்க்கிறார்கள். மூளைச்சாவு கோமா அல்ல, கோமாவிலிருந்து மீண்டவர்கள் உண்டு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். "உடம்பு சூடா இருக்கு, நெஞ்சு ஏறி இறங்குது, எப்படி சிஸ்டர் செத்துட்டான்னு சொல்றீங்க?" என்று கேட்கும் தாய்க்கு மருத்துவர் பொறுமையாக விளக்குவார். பக்கத்தில் நிற்கும் சித்தப்பா, "உசுரு இருக்கும்போதே எடுக்கிறாங்கன்னு பேப்பர்லயே போட்டிருந்தானே" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். தானத்துக்கு மறுத்துவிட்டுப் போன எந்தக் குடும்பத்தின் மீதும் எனக்கு வருத்தமில்லை. அச்சில் வந்ததை அவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான்.

1980-இல் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி, தானம் தருபவர்கள் உண்மையிலேயே இறந்தவர்கள்தானா என்று ஐயம் கிளப்பியது. அதன்பின் பிரிட்டனில் சிறுநீரக தானம் சரிந்தது. ஊடகத்தின் சொல்லுக்கு அவ்வளவு வலிமை இருக்கிறது.

இங்கே ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் பறந்தது, எந்தச் சாலையில் போக்குவரத்து நின்றது என்பதற்குக் கால் பக்கம் கிடைக்கிறது. நான்கு மருத்துவர் குழுவைப் பற்றி ஒரு வரி கிடைப்பதில்லை. உறுப்பு யாருக்கு என்பது அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்த காத்திருப்போர் பட்டியலின்படி முடிவாகிறது என்பதும் வருவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் 'ஆஸ்பத்திரிக்காரன் விற்றுவிடுவான்' என்ற பேச்சு வளர்கிறது. கிட்னி விற்பனை மோசடிகளை நீங்கள் வெளிக்கொண்டு வருவது நல்ல காரியம். ஆனால் அதையும் இறந்தவரின் தானத்தையும் ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்ப்பது அநியாயம்.

தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023-இல் தமிழக அரசு அறிவித்ததை மனதார வரவேற்றேன். அதற்காக, அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளின் முகத்தையும் வீட்டு முகவரியையும் அச்சிட வேண்டுமா?

உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு நாள் மருத்துவர்களைக் கொண்டு வகுப்பு நடத்துங்கள். தவறாக வந்த செய்திக்கு, அது வந்த அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.