பயிற்சியா, பணியா? கட்டுமானத் துறையில் காலடி வைக்கும் நம் மலை இளைஞர்கள்



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறி வருகிறவர்கள், காப்பித் தோட்டங்களுக்கு இடையே புதிய விடுதிகளும் வார இறுதி வீடுகளும் எழும்புவதைக் காண்கிறார்கள். ஓரிடத்தில் சரிவு வெட்டப்படுகிறது, இன்னோரிடத்தில் தடுப்புச் சுவருக்குக் கம்பி கட்டப்படுகிறது. அதே பாதையில் எதிர்த்திசையில் இறங்கிச் செல்கிறார்கள் நம் மலைக் கிராமங்களின் இளைஞர்கள். 1958 முதல் இயங்கிவரும் தியாகராசர் பாலிடெக்னிக், 1966இல் தொடங்கப்பட்ட சேலம் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் சிவில் படித்துவிட்டு, சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைக்காதா என்று தேடுகிறார்கள். பலர் தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகள். சிலர் மலையாளி பழங்குடிக் குடும்பங்களில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவர்கள். வேலை நடப்பது மேலே. அதைக் கற்கப் போவதோ கீழே. இந்த முரண்பாட்டைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

முதலில் பெற்றோர் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'இன்டர்ன்ஷிப்' என்பதும், சட்டப்படியான தொழிற்பழகுநர் பயிற்சி என்பதும் ஒன்றல்ல. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் குறைந்தபட்ச மாத உதவித்தொகையாகப் பட்டதாரிக்கு 9,000 ரூபாயும் டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாயும் என வகுத்தன. தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தின்கீழ் இத்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது. முப்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். நான்கு பேர் உள்ள சிறு நிறுவனமும் விரும்பினால் எடுக்கலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. பழகுநர் தொழிலாளி அல்லர் என்கிறது இச்சட்டம். ஆனாலும் பயிற்சியின்போது அவர் காயமுற்றால் இழப்பீடு தரும் பொறுப்பை நிறுவனத்தின்மேல் சுமத்துகிறது. 'நாளைக்கே சைட்டுக்கு வந்துவிடு தம்பி, சான்றிதழ் தருகிறோம்' என்று வாய்ச்சொல்லில் அழைக்கப்படும் இளைஞனுக்கு இந்தப் பாதுகாப்பு எங்கே? சாரத்திலிருந்து அவன் விழுந்தால், அவன் அங்கே இருந்தான் என்பதற்கே ஒரு தாளும் இராது. நான்கு மாடிக் கட்டடத்தில் நிற்கப்போகும் பிள்ளைக்கு அந்தத் தாள் உயிர்க்கவசம். கட்டணம் கட்டினால் வராமலே சான்றிதழ் கிடைக்கும் என்று அழைக்கும் இடங்களைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பயிற்சி என்று அழைப்பதே பிழை.

அரசின் புதிய முயற்சி ஒன்றையும் பார்ப்போம். 2024 அக்டோபரில் பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தின் முன்னோட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு முன்னணி நிறுவனங்களில் பயிற்சி தருவதே நோக்கம். மாதம் 5,000 ரூபாய், தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. முதல் சுற்றில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் காத்திருந்தன. உண்மையில் சேர்ந்தவர்களோ பத்தாயிரத்தைத் தொடவில்லை. நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ உள்ள ஒரு குடும்பத்தின் நிலையிலிருந்து பார்த்தால் இதில் வியப்பில்லை. மாதம் ஐந்தாயிரத்தில் சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் எப்படிக் கட்டும்? வீட்டிலிருந்து பணம் அனுப்ப வசதியுள்ள பிள்ளைக்கே அந்தப் பயிற்சி. வாய்ப்பு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதும், எல்லாராலும் நுழைய முடிகிறது என்பதும் வேறு வேறு.

பெரிய நிறுவனங்களில் வளர்ச்சி இல்லையா? உண்டு. 1938இல் டென்மார்க்கைச் சேர்ந்த இருவர் தொடங்கிய லார்சன் அன்ட் டூப்ரோவின் கட்டுமானப் பிரிவுத் தலைமையகம் சென்னை மணப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே 1965இல் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்த ஏ. எம். நாயக் 1999இல் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். 1984இல் திட்டமிடல் பொறியாளராக நுழைந்த எஸ். என். சுப்ரமணியன் 2023இல் தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் உயர்ந்தார். அதே நிறுவனம் 1995 முதல் பயிற்சி நிலையங்கள் நடத்தி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குக் கொத்து வேலையும் கம்பி கட்டுதலும் கற்றுத் தருகிறது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் 2025 ஜனவரியில் அதே சுப்ரமணியன், வாரத்துக்குத் தொண்ணூறு மணிநேரம் உழைப்பதைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமையும் ஊழியர்களை வேலைக்கு வரவைக்க இயலவில்லையே என்ற வருத்தத்தைப் பற்றியும் பேசியது நாடெங்கும் விவாதமானது. ஏழு நாளும் உழைத்தால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்று மணிநேரம்! ஞாயிறு திருப்பலியை மட்டும் மனதில் வைத்து நாம் இதைக் குறை சொல்லவில்லை. கட்டுமான இடத்தில் களைத்த கண் ஆபத்தான கண். பதின்மூன்று மணிநேரம் நிற்கும் பயிற்சியாளன் எதையும் கற்பதில்லை. ஆள் பற்றாக்குறையை நிரப்புகிறான், அவ்வளவே. மனிதனுக்காகவே உழைப்பு, உழைப்புக்காக மனிதன் அல்ல என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் விரிவாக விளக்கியிருக்கிறார்.

அப்படியானால் முதல் இரண்டு ஆண்டுகளில் ஓர் இளம் பொறியாளர் எதைக் கற்க வேண்டும்? கணினியில் வரைபடம் வரைவதை யாரும் சொல்லிக் கொடுத்துவிடலாம். கலவையை பதினைந்து சென்டிமீட்டர் கனசதுர அச்சில் ஊற்றி, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்த்து, வந்த எண்ணை வந்தபடியே எழுதுவது வேறு. எண் குறைவாக வந்தால்? 'கொஞ்சம் கூட்டிப் போடு' என்று மேலிருந்து சொன்னால்? இந்தக் கேள்விதான் ஒருவரின் பணி வாழ்வையே தீர்மானிக்கிறது என்று நாம் கருதுகிறோம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டி முடிக்கப்படும் நிலையிலிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையினூடே சரிந்து 61 பேர் மாண்டனர். பிழைப்புக்காக ஆந்திரத்திலிருந்தும் நம் மாநிலத்தின் பிற பகுதிகளிலிருந்தும் வந்த தொழிலாளர்களே அவர்களில் மிகுதி. கைதானவர்களில் உரிமையாளர்களோடு பொறியாளர்களும் இருந்தனர். தினமும் தளத்தில் நிற்கும் இளைஞன் கையொப்பமிடும் முன் கேள்வி கேட்கப் பழகியிருக்கிறானா என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. அந்தப் பழக்கம் வகுப்பறையில் வருவதில்லை. கேள்வி கேட்டதற்காகத் திட்டாத ஒரு மூத்த பொறியாளரின் அருகில்தான் வருகிறது.

மலையில் இன்னும் ஒரு பாடம் சேர்கிறது. சமவெளிக் கட்டடத்துக்கு வரைந்த படத்தை மலைச் சரிவில் அப்படியே வைக்க முடியாது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைநீர் வெளியேற வடிகால் துளைகள் இல்லையென்றால், நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் எவரும் மறக்கவில்லை. அதே மழையில் திருவண்ணாமலையில் மலைச் சரிவு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தனர். இத்தகைய பகுதிகளுக்காகவே 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. அதன் அனுமதி எதற்குத் தேவை, ஏன் தேவை என்பதைச் சிவில் படித்த நம் இளைஞர்கள் எத்தனை பேர் ஒரு கோப்பைத் திறந்து பார்த்துக் கற்றிருக்கிறார்கள்?

இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவையே தன் வீடாக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. பர்மிங்காமில் படித்தவர். ஆனால் இமயமலைப் பகுதியான பித்தோராகரில் வாழ்ந்த ஆண்டுகளில், உள்ளூர் மக்கள் அங்குள்ள கல்லையும் மரத்தையும் மண்ணையும் கொண்டு கட்டும் முறையே தமக்கு உண்மையான பள்ளி என்று கண்டுகொண்டார். திருவனந்தபுரத்தில் உள்ள லொயோலா சிற்றாலயம் அவர் வடிவமைத்ததுதான். சேர்வராயன் மலையில் தலைமுறையாய்க் கல் அடுக்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். எந்தச் சரிவில் மழைக்காலத்தில் ஊற்று கிளம்பும் என்று அவர்களுக்குத் தெரியும். பட்டம் பெற்ற பிள்ளை அவர்களிடம் ஆறு மாதம் நின்றால் குறைந்துபோக மாட்டான். (பட்டப்படிப்பு முடித்த மகனை மேஸ்திரியோடு நிற்கவிட நம் வீட்டார் கூசுகிறார்கள் என்பதும் உண்மை!)

இங்கே திருச்சபைக்கு ஒரு வேலை இருக்கிறது. 1894இல் தொடங்கப்பட்ட திரு இருதயப் பள்ளி, 1917இல் தொடங்கப்பட்ட மான்ட்போர்ட் பள்ளி என்று, இந்த மலையில் நம்மவர்கள் நூறாண்டுக்கு மேலாகக் கட்டிக்கொண்டும் பழுதுபார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆலயம், பள்ளி, விடுதி, சமூகக்கூடம் என்று மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் ஒப்பந்தக்காரர்களோடு கையெழுத்திடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்க்கலாமே: இந்தப் பணியில் மலைக் கிராமங்களைச் சேர்ந்த இரண்டு டிப்ளமோ அல்லது பட்டதாரி இளைஞர்கள், ஆணோ பெண்ணோ, பதிவு செய்யப்பட்ட பழகுநர்களாக, சட்டப்படியான உதவித்தொகையோடு சேர்க்கப்படுவர், அவர்களுக்குப் பொறுப்பான பொறியாளர் இன்னார், அவர்களது அன்றாடக் குறிப்பேட்டில் வாரந்தோறும் அவரே கையொப்பமிடுவார். பெண் பிள்ளைகள் இருந்தால் சைட்டில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுவது நல்லது. வாய்ச்சொல்லில் விட்டால் நடக்காது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் விடுதிச் செலவும் இல்லை. இரண்டு பேரின் உதவித்தொகை ஒரு கட்டடச் செலவில் எவ்வளவு என்பதைப் பங்கு நிதிக்குழுவினரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

மண் வெட்டும் வேலையும் தடுப்புச் சுவரும் அக்டோபர் மழைக்கு முன் முடிந்தாக வேண்டும். தேர்வு முடிந்து பிள்ளைகள் மலைக்குத் திரும்புவது கோடையில். ஆகவே ஒப்பந்தக்காரரோடு பேசவேண்டியது உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய வாரங்களிலேயே. இந்த ஆண்டு கட்டட வேலை வைத்திருக்கும் பங்குகளும் நிறுவனங்களும், தங்கள் பகுதியில் சிவில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அன்பியங்கள் வழியாக இப்போதே எடுத்துவைத்தால், அந்தப் பேச்சின்போது கையில் இருக்கும்.