மகளையும் சந்தைக்குக் கூட்டிச் செல்லுங்கள்

எங்கள் ஊவாப் பக்கத்தில் பல வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சந்தை நாள். பேச்சில் ‘பொல’ என்று நாம் சொல்லும் பண்டாரவளை வாரச்சந்தையில் அன்று உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் குவிந்து கிடக்கும். ஆனால் நான் அறிந்த பல வீடுகளில் சந்தைப் பை வாப்பாவோடும் நானாவோடும் மட்டுமே போகிறது. உம்மா பட்டியல் எழுதிக் கொடுப்பார். பெண்பிள்ளைகளாகிய நாங்கள் வந்த பையைக் கொட்டி, தெரிந்து, கழுவி, வெட்டுவோம். இது மாற வேண்டும் என்பது என் கருத்து. நாங்களும் சந்தைக்குப் போக வேண்டும். தொட்டு, முகர்ந்து, ருசி பார்த்து, நாங்களே வாங்கப் பழக வேண்டும்.

மனைப்பொருளியல் பாடத்தில் எந்த மரக்கறியில் எந்த விற்றமின் உண்டு என்று படிக்கிறோம். அந்த மரக்கறி நல்லதா என்று அறிவதைச் சந்தைதான் கற்றுத் தருகிறது. பிஞ்சு வெண்டிக்காயின் நுனியை வளைத்தால் சட்டென்று முறியும். முற்றியது வளைந்து கொடுக்கும். அன்னாசியின் அடிப்பக்கத்தை முகர்ந்தால் பழுத்ததா என்று தெரியும். விளாம்பழத்தைச் சற்று உயரத்திலிருந்து நிலத்தில் போட்டால் காய் துள்ளும், பழம் துள்ளாது. எங்கள் உம்மும்மாமாருக்கு இவை கைவந்த பாடங்கள். சுப்பர் மார்க்கட்டில் பொலித்தீன் சுற்றி அடுக்கியதை எடுத்தே பழகினால், இந்த அறிவு எங்களோடு நின்றுவிடும்.

சென்ற வருடம் வாப்பாவோடு சந்தைக்குப் போனபோது, கித்துள் பாணி விற்ற வயதான சிங்கள அம்மா ஒருவர் “ரஹ பலன்ன, துவ” என்று என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். “ருசி பாருங்கள், மகளே” என்று அதற்குப் பொருள். பிறகு இன்னொரு போத்தலிலிருந்து இன்னொரு சொட்டு. முதலாவதில் இனிப்பு மட்டுமே இருந்தது. இரண்டாவதில் விறகுப் புகையின் மணம் மெல்ல இருந்தது. விழுங்கிய பிறகும் ருசி நாக்கில் நின்றது. முதலாவதில் சீனி கலந்திருப்பதாகவும், அதனால்தான் விலை குறைவு என்றும் அவரே சொன்னார். வாப்பா எதுவும் பேசாமல் நான் முடிவு செய்யும்வரை காத்திருந்தார். வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு நான் பணம் கொடுத்து வாங்கிய முதல் பொருள் அந்தப் பாணிதான்.

இது பொழுதுபோக்கு அல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த நாட்களில் எது எப்போது மலியும், எதற்குப் பதிலாக எதை வாங்கலாம் என்று அறிந்தவர்களே குறைந்த காசில் அடுப்பை எரிய வைத்தார்கள். கரட் விலை ஏறினால் ஈரப்பலாக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வயிற்றை நிரப்பும் என்பது சந்தைக்குப் போகிறவருக்குத்தான் தெரியும். நாளை குடும்பத்தை நடத்தப் போகும் எங்களுக்கு அந்தத் தெரிவை இன்றே பழக்க வேண்டாமா?

இன்னொரு பயனும் உண்டு. தமிழ் மொழிமூலம் படிக்கும் எங்களில் பலர் சிங்களப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தாலும், வாய் திறந்து பேசக் கூச்சப்படுகிறோம். சந்தையில் விலை கேட்கவும் மிச்சக்காசை எண்ணி வாங்கவும் பேசித்தான் ஆக வேண்டும். தோட்டத்திலிருந்து வல்லாரைக் கட்டோடு வரும் அக்காவும், கிராமத்திலிருந்து வரும் சிங்கள அம்மாவும் எங்களுக்கு அறிமுகமாவது அங்கேதான்.

ருசி பார்ப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. விற்பவர் தருவதைச் சுவைப்பது வேறு. நடந்துகொண்டே குவியலிலிருந்து இரண்டு திராட்சையைக் கேட்காமல் வாயில் போடுவது வேறு. இரண்டாவது, பிறர் பொருளை அனுமதியின்றி உண்பது. பெரியவர்கள் இதைச் செய்யும்போது கூட வரும் சிறுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல் கடை கடையாகச் சுவைத்துப் போவதும், நகத்தால் கீறிப் பார்த்து வைத்துவிடுவதும் ஏழை வியாபாரியின் வயிற்றில் அடிப்பதாகும். சுப்பர் மார்க்கட்டில் சீட்டில் உள்ள விலையைக் கொடுக்கும் நாம், கீரைக்கட்டு விற்கும் பாட்டியிடம் பத்து ரூபாவுக்குப் பேரம் பேசுவதும் நியாயமா?

விற்பவருக்கும் கடமை உண்டு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டார்கள். நனைந்ததை மக்கள் காணும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று விற்றவரிடம் கேட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இச்சம்பவத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இறக்குமதி உருளைக்கிழங்கில் மண்ணைப் பூசி உள்ளூர்க் கிழங்கென்று விற்ற செய்திகளையும் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். அந்தக் கிழங்கு நனைந்த தானியத்தின் இன்றைய வடிவம். பொருளைத் தொட்டறியத் தெரிந்த வாடிக்கையாளர் கூடக்கூட இத்தகைய ஏமாற்று குறையும். சீனி கலந்ததை மறைக்காமல் சொன்ன அந்த அம்மாவைப் போன்றவர்களின் வியாபாரமும் பிழைக்கும்.

சந்தையில் நெரிசல், பெண்பிள்ளைகளுக்கு அது சரிவராது என்று சில பெற்றோர் சொல்வார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அதனால்தான் தனியே அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. கூட்டிச் செல்லுங்கள் என்கிறேன். காலை ஏழு மணிக்குக் கூட்டம் குறைவு, மரக்கறியும் புதிது. டியூஷன் வகுப்புக்கு முன் முக்கால் மணித்தியாலம் போதும். வணிகம் செய்த கதீஜா நாயகியைப் பற்றி மீலாத் மேடைகளில் பேசிப் பரிசு வாங்கும் எங்களுக்கு, ஒரு கிலோ போஞ்சியைத் தெரிந்து வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தோழியரே, இந்த வாரம் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெற்றோரே, பட்டியலில் ஒரே ஒரு பொருளையேனும் அதற்குரிய காசோடு மகளிடம் ஒப்படையுங்கள். அவளே பார்த்து, கேட்டு, வாங்கட்டும்.