சாவி கைக்கு வந்துவிட்டால் வண்டி நம்முடையதா?

"தம்பி, சிங்கிள் ஓனர் வண்டி. 29, 30 ரெண்டு ஃபார்ம்லயும் கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன். பேர் மாத்தறதை நீங்க எப்ப வேணா பண்ணிக்கலாம்."

பழைய பைக் பார்க்கப் போனவர்களில் பலர் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டாம், கட்டணம் மிச்சம், நாளைக்கே விற்பதானாலும் சிக்கல் இல்லை. ஆனால் வாங்கியவரையும் விற்றவரையும் சேர்த்தே கவிழ்ப்பது இந்த வசனம்தான்.

புது பைக் ஒன்று ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வந்துவிட்ட நிலையில், டெலிவரி வேலைக்குப் போகும் இளைஞருக்கும் கல்லூரி போகும் மகனுக்கும் பழைய வண்டிதான் கைக்கு எட்டுகிறது. அதில் தவறில்லை. நன்றாகப் பார்த்து வாங்கினால் பல வருடம் உழைக்கும். எதைப் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

போகும் முன்பே, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் வண்டியாக இருக்கலாம். சூடேறிய பிறகும் சைலன்ஸரில் நீலம் கலந்த புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். மீட்டரை மாற்றிவிடலாம், தேய்மானத்தை மறைப்பது கஷ்டம். 15 ஆயிரம் கி.மீ. காட்டும் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் எங்கோ இடிக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. சென்னை போல வெள்ளம் புகுந்த ஊர்களில் சீட்டைக் கழற்றி, ஒயர் இணைப்புகளில் சேறோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

இவற்றில் எது கெட்டிருந்தாலும் செலவு சில ஆயிரங்களில் முடியும். விலையில் குறைத்துக் கேட்கலாம். பேப்பரில் வரும் சிக்கல் அப்படி முடியாது.

பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் சேஸிஸ் எண்ணும், இன்ஜின் மீது இன்ஜின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். தேய்த்தது போலவோ மறுபடி அடித்தது போலவோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு விவரங்களைச் சரிபாருங்கள். அபராத சலான் பாக்கி இருக்கிறதா என்றும் ஆன்லைனில் பார்க்கலாம். வண்டி மீது கடன் இருந்தால், அது அடைந்துவிட்டது என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது. நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் 35-ம் எண் படிவமும் கைக்கு வர வேண்டும். 15 வருடம் முடிந்த வண்டியென்றால் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். புதுச்சேரி எண் கொண்ட வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அங்கிருந்து என்.ஓ.சி. பெற்று, இங்கே சாலை வரி கட்டி மறுபதிவு செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

"இன்சூரன்ஸ் இருக்குங்க" என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனங்களுக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. அதனால் பாலிசி உயிரோடு இருக்கலாம். ஆனால் வண்டி திருடுபோனாலோ நொறுங்கினாலோ பணம் தரும் பகுதி எப்போதோ காலாவதியாகியிருக்கலாம். அந்தப் பகுதி இருந்தாலும், பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால் இழப்பீடு கேட்டு நிற்கும்போது மறுக்கப்படலாம். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்.

விற்றவருக்கு ஏன் கவலை?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "வித்துட்டோம், காசும் வந்துடுச்சு, நமக்கென்ன" என்று இருந்துவிட முடியாது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2007-ல் விற்கப்பட்ட கார், அதன்பின் பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு யார்? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்றது நீதிமன்றம். காரை விற்று சுமார் இரண்டு வருடம் ஆன பிறகு நடந்த விபத்துக்கு, முதலில் விற்றவரே பொறுப்பானார். இந்த விதி பைக்குக்கும் பொருந்தும்.

வாங்கியவர் நிலையும் சுகமில்லை. தேதியும் பெயரும் எழுதாத படிவத்தை வருடக்கணக்கில் பீரோவில் வைத்திருந்து, ஒருநாள் பெயர் மாற்றப் போகும்போது பழைய உரிமையாளர் ஊர் மாறியிருப்பார், அல்லது இறந்திருப்பார். காசு கொடுத்து வாங்கிய வண்டிக்கு வாரிசுகளைத் தேடி அலைய வேண்டிவரும்.

அரசும் விழிக்க வேண்டும்

பழைய வாகன வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்து ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அதன்பின் பொறுப்பு வியாபாரியுடையது. நல்ல விதி. ஆனால் தெருமுனை பைக் கடைக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அங்கீகாரம் பெற்ற கடைகளின் பட்டியல் ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் தமிழில் தொங்க வேண்டும். புரோக்கர் இல்லாமல் ஒருவர் தானே வந்து பெயர் மாற்றிக்கொண்டு போகும்படி அந்த அலுவலகங்கள் எளிமையாக வேண்டும். அலைச்சலுக்குப் பயந்துதான் ஜனங்கள் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்கிறார்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். பேசிய தொகையில் ஒரு பங்கைப் பிடித்து வையுங்கள். "பேர் மாறின அன்னைக்கு மீதி தர்றேன் அண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேர்மையாக விற்பவருக்கும் அது பாதுகாப்புதான். சாவி வந்த நாளில் வண்டி வீட்டுக்கு வருகிறது, ஆர்.சி.யில் பெயர் ஏறிய நாளில்தான் அது உங்களுடையதாகிறது.