பருவம் என்றால் பரீட்சை மட்டும்தானா?

கோயமுத்தூரில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. காலை ஏழரை மணிக்குக் காந்திபுரத்தில் நின்றால் சத்தி ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் போகிற கல்லூரிப் பேருந்துகளை எண்ணி முடியாது. ஒவ்வொன்றிலும் கால்பந்து அணி, வாலிபால் அணி, கூடைப்பந்து அணி எல்லாம் இருப்பதாக அவர்களுடைய விளம்பரப் புத்தகம் சொல்லும். நான் சொல்கிறேன், அணி இல்லை. சட்டை இருக்கிறது. சட்டை முதுகில் நம்பர் இருக்கிறது. முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரி கொள்ளாமல் கேடயம் இருக்கிறது. ஆட்டப் பருவம் மட்டும் கிடையாது. பருவம் இல்லாத இடத்தில் அணி எங்கிருந்து வரும்?

'பருவம்' என்ற சொல்லையே தேர்வுத்துறை எடுத்துக்கொண்டுவிட்டது. முதற்பருவம், இரண்டாம் பருவம், பருவத் தேர்வு, பருவக் கட்டணம். நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். (தமிழை வீட்டில் அம்மாவிடமும், பிறகு ஆபீஸ் கோப்புகளிலும் கற்றுக்கொண்டவன். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளவும்.) பிரெஞ்சில் 'ஸெஸோன்' என்றால் மழைக்காலம், வெயில்காலமும்தான், பந்தாடுகிற காலமும்தான். எங்களுக்கு வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. அன்று ஆட்டம். எந்த வியாழன் எந்தப் பள்ளியோடு என்பது மாதக்கணக்கில் முன்னாலேயே தெரியும். இந்த வியாழன் ஐந்து கோல் வாங்கித் தோற்றாலும் அடுத்த வியாழன் இருக்கிறது. நான் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை; பல ஆட்டங்களில் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கியவன். ஆனால் அந்த வருஷம் எப்படிப் போயிற்று என்று இன்றும் சொல்ல முடியும்.

இங்கே நடப்பது என்ன? நாக் அவுட். குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவனுக்குக் கூட்டிக் கழிப்பது பழக்கம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முப்பத்திரண்டு கல்லூரிகள் போட்டியில் கலந்துகொண்டால் மொத்தம் 31 ஆட்டம். முதல் சுற்றோடு 16 அணிகள் வீட்டுக்கு. அதாவது சரிபாதிக் கல்லூரிகளுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு ஆட்டம். இன்னும் எட்டு அணிகளுக்கு இரண்டு. ஆறு மாதம் பயிற்சி எடுத்த பையன் ஆடுவது வாலிபாலில் முக்கால் மணி, கால்பந்தில் ஒன்றரை மணி. அதோடு 'இந்த ஆண்டு விளையாட்டுச் செயல்பாடுகள்' என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி. கோப்பு முடிந்தது.

இது காகிதக் கணக்கு இல்லை. என் மகள் வயிற்றுப் பேரன் இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் வாலிபால் ஆடினான். பெயர் வேண்டாம், எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரிதான். ஜூலையிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து போவான். மண்டலப் போட்டி நடந்த ஊருக்கு இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். பத்து மணிக்கு ஆட்டம், பத்தே முக்காலுக்குத் தோல்வி. மூன்று மணிக்கு வீட்டில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஏன் கண்ணு, அடுத்த மேட்ச் எப்போ?" என்று கேட்டேன். "அடுத்த வருஷம் தாத்தா" என்றான். அடுத்த வருஷம் அவன் இறுதியாண்டு. பிராஜெக்ட், வேலை நேர்காணல். ஆட அனுமதி கிடைக்கவில்லை. நான்கு வருஷப் படிப்பில் அவன் கல்லூரிக்காக ஆடிய ஆட்டங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதிலும் விரல் மிச்சமாகும்.

இப்போது அமெரிக்கா. அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்லும் ஆள் நான் இல்லை. அவர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் காலால் தொடுவதே அபூர்வம். பக்கத்துக்குப் பதினொரு பேர், நூறு கஜ மைதானம், பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, இடையில் மலை மாடு மாதிரி மோதிக்கொள்வது. 1869-ல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் ஆடித் தொடங்கியது. சாவு அதிகமாகி, 1905-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம்தான் பந்தை முன்னோக்கி வீசலாம் என்று விதி வந்தது. தலையில் வாங்கிய அடி மூளையைத் தின்றுவிட்ட கதைகள் இன்றைக்கும் ஓயவில்லை. அந்த ஆட்டத்தை இங்கே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தை ஒரு சின்னக் கல்லூரி எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

வாஷிங்டனில் கேலடெட் என்று காது கேளாதவர்களுக்கான பல்கலைக்கழகம் ஒன்று. 1864-ல் லிங்கன் கையெழுத்திட்டுப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. இதில் எனக்கு ஒரு சொந்தப் பாசம் உண்டு. கேலடெட் என்ற பாதிரியார் பாரிஸுக்குப் போய், அங்கே லோரான் க்ளேர் என்ற, தானும் காது கேளாத பிரெஞ்சு ஆசிரியரை 1816-ல் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். மறு வருஷம் இருவருமாகப் பள்ளி தொடங்கினார்கள். அமெரிக்கச் சைகை மொழிக்கு ஒரு வேர் பாரிஸில் இருப்பது இப்படித்தான். அந்தப் பாதிரியாரின் மகன்தான் பின்னால் வாஷிங்டன் கல்லூரியை நடத்தினார்.

ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரியின் ஒரு துறையில் அதற்குக் குறையாத பேர் இருப்பார்கள். 1880-களிலேயே அங்கே அணி உண்டு. 1890-களில் எதிரணியும் காது கேளாதவர்களாக வந்தபோது ஒரு சிக்கல்: கையால் சைகை காட்டினால் அவர்களுக்கும் புரிந்துவிடும். பால் ஹப்பர்ட் என்ற ஆட்டக்காரர் தன் ஆட்களை வட்டமாகக் குனிந்து நிற்கச் சொல்லி, நடுவில் மறைத்துச் சைகை காட்டினார். இன்று உலகமெங்கும் அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர்கள் வட்டம் கூடுகிறார்களே, அதன் பிறப்பு அங்கேதான் என்று சொல்வார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் நேரத்தைத் தெரிவிக்க மைதான ஓரத்தில் பெரிய முரசு வைத்து அடித்த காலமும் உண்டு. காதில் விழாது, உடம்பில் அதிரும்.

அந்த அணி இடையில் சில வருஷம் கிளப் அளவுக்குச் சுருங்கிப்போய், 2007-ல் மறுபடி கல்லூரிப் போட்டிக்குத் திரும்பியது. 2013-ல் பத்து ஆட்டத்தில் ஒன்பது ஜெயித்து, தன் வரலாற்றில் முதல் முறையாகத் தேசிய அளவிலான அடுத்த கட்டத்துக்குப் போயிற்று. போன முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். பரவாயில்லையே! செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஒவ்வொரு வாரமும் ஆடியாகிவிட்டது. அவர்கள் இருப்பது மூன்றாம் பிரிவு. விளையாட்டுக்கென்று உதவித்தொகை அந்தப் பிரிவில் கொடுக்கவே கூடாது என்பது விதி. இலவச சீட் இல்லை, மாநில அளவில் ஆடியவனைப் பிடித்து வரும் வேலை இல்லை. படிக்க வந்தவர்கள்தான் ஆடுகிறார்கள். காது கேட்காத, காசு வாங்காத பிள்ளைகளுக்குப் பத்து ஆட்டம். காது நன்றாகக் கேட்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று.

(நம் ஊர்க் காது கேளாத பிள்ளைகளையும் குறைத்துச் சொல்லவில்லை. மதுரை மாநகராட்சிப் பள்ளியில் படித்த ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் பூப்பந்தில் மூன்று தங்கம் வாங்கி வந்த பெண். அந்தப் போட்டி தொடங்கியதும் 1924-ல் பாரிஸில்தான். சரி, என் பாரிஸ் புராணம் போதும்.)

அமெரிக்க ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து பார்த்தவர்களும் உண்டு. எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று 2011-ல் அறிவித்தார்கள். பணம் போட்டவர்களில் மைக் டிட்கா என்ற புகழ்பெற்ற பயிற்சியாளர், மார்க் வால்பெர்க் என்ற சினிமா நடிகர் எல்லாம் உண்டு. 2012-ல் முதல் பருவம். புனே மராத்தாஸ், டெல்லி டிஃபெண்டர்ஸ், கொழும்பு லயன்ஸ் என்று ஊர்ப் பெயரெல்லாம் வைத்தார்கள். ஆனால் அணி தன் ஊரில் தன் ஜனங்கள் முன்னால் ஆடவில்லை. கொழும்பு போல ஓரிரு இடத்தில் மொத்தமாக ஆடிப் படம் பிடித்துத் தொலைக்காட்சியில் போட்டார்கள். புனே ஜெயித்தது. புனேயில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹெல்மெட் வந்தது, தோள்பட்டைக் கவசம் வந்தது, சனிக்கிழமை வரவில்லை. சந்தையில் விற்க வந்த சரக்கு, விலை போகாமல் மூட்டை கட்டிப் போயிற்று.

இனி இன்னொன்று வரப்போகிறது, இப்போதே சொல்லி வைக்கிறேன். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் கிரிக்கெட்டோடு ஃபிளாக் ஃபுட்பாலையும் சேர்த்துவிட்டது. பக்கத்துக்கு ஐந்து பேர். மோதாமல், இடுப்பில் செருகிய துணியைப் பிடுங்கினால் போதும். நல்ல ஆட்டம்தான். ஆனால் நம் கல்லூரிகள் இதை எப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும். பத்துப் பேரைப் பிடித்து, சட்டை தைத்து, ஒரு போட்டிக்கு அனுப்பி, சான்றிதழ் வாங்கி, இட ஒதுக்கீட்டுக்கு மனு போடும். சான்றிதழ் இருக்கும், ஆட்டம் இருக்காது.

இதே அமெரிக்காவிலிருந்து ஒரு ஆட்டம் இங்கே வந்து வேர் விட்டதும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி என்று ஒன்று, ரொம்பச் சின்னது. அதன் ஃபுட்பால் அணியில் 1890-ல் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் மறு வருஷம் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அங்கே படித்த வில்லியம் மோர்கன் 1895-ல் வாலிபாலைக் கண்டுபிடித்தார். அங்கே படித்த ஹாரி பக், சென்னையில் 1920-ல் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். அங்கிருந்து கிளம்பிய பி.டி. மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போய்க் கம்பம் நட்டார்கள். இன்று அன்னூர்ப் பக்கமும் கோபிப் பக்கமும் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் வலை கட்டிய ஒரு திடல் இருக்கிறதென்றால் காரணம் அதுதான். கோடையில் விளக்குப் போட்டு விடிய விடிய ஆடுகிறார்கள். கமிட்டி போட்டு, ரசீது அடித்து, வருகிற அணிக்குச் சோறு போட்டு, ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாதவர்கள் நடத்துவதை முனைவர் பட்டம் வாங்கியவர்களால் நடத்த முடியவில்லை என்றால் என்ன சொல்வது?

ரேஸ் கோர்ஸில் என்னோடு நடக்கிற நண்பர் ஒருவர், ஒரு கல்லூரி நிர்வாகத்தில் இருந்தவர், கேட்டார்: "ஏனுங்க சார், பசங்க படிக்கோணும், பிளேஸ்மெண்ட் வாங்கோணும். பந்து சோறு போடுங்களா?" போடாதுங்க. நான் சோறு கேட்கவில்லை. எட்டுக் கல்லூரிகள் ஒரு பிரிவு என்று வையுங்கள். எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆடினால் ஆளுக்கு ஏழு ஆட்டம், மொத்தம் 28. சனிக்கிழமைக்கு நான்கு வீதம் ஏழு சனிக்கிழமையில் முடிந்துவிடும். போக்குவரத்தோடு சேர்த்து ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் ஒரு பருவத்துக்கு 21 மணி நேரம். 'டீம் ஒர்க்' என்று பவர்பாயிண்ட் போட்டு, வெளியூர் ஆளுக்குக் கட்டணம் கொடுத்து, ஏசி அரங்கில் இதைவிட அதிக நேரம் உட்கார வைக்கிறீர்களே! பேருந்து உங்களிடம் இருக்கிறது, சனிக்கிழமை மதியம் ஷெட்டில்தான் நிற்கிறது. நடுவருக்குப் படி, பந்து, எலுமிச்சம்பழம், தண்ணீர். நுழைவாயில் ஆர்ச்சுக்குச் செலவழித்ததில் எத்தனை பங்கு வரும்?

மைதானம் இல்லை என்று அடுத்த பதில் வரும். இருந்தது. அதில்தான் புது பிளாக் கட்டினீர்கள். மிச்சத்தில் கார் நிற்கிறது. சனிக்கிழமை மதியம் கார்களை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்; வாலிபாலுக்கு அவ்வளவு இடம் போதும்.

கூட்டம் கூடினால் பையன்கள் அடித்துக்கொள்வார்கள் என்றும் நண்பர் பயப்பட்டார். முன்பின் பார்க்காதவனோடுதான் அடிதடி வரும். வருஷா வருஷம் நம் வளாகத்துக்கு வந்து, நம் கேன்டீனில் டீ குடித்துவிட்டுப் போகிறவனோடு முறைப்புத்தான் வரும். அது இருக்கட்டும், அதுவும் வேண்டும்.

கல்லூரிகளுக்கு நான் கேட்பது இது. பல்கலைக்கழகம் உத்தரவு போடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எட்டு உடற்கல்வி இயக்குநர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் அரை மணியில் அட்டவணை தயார். இலவச சீட்டில் சேர்த்த ஆட்டக்காரர்கள் ஆடட்டும், தடையில்லை. ஆனால் அணியில் பாதிப் பேராவது சொந்தமாகக் கட்டணம் கட்டிப் படிக்க வந்தவர்களாக இருக்க வேண்டும். பெண்களுக்கும் இதே அட்டவணை, இதே மைதானம், இதே நேரம். காலை வெயிலில் ஆளில்லாத வேளைக்குத் தள்ளாதீர்கள். முடிவுகளைச் சனிக்கிழமை இரவே வாயில் பலகையில் எழுதிப் போட வேண்டும், தோற்றாலும்.

காலம் பற்றி மட்டும் ஒரு யோசனை. கால்பந்தை ஆடி, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வெயில் தெரியாது. வாலிபாலை அப்போது வைக்காதீர்கள், சர்வீஸ் போட்ட பந்து பேரூர் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை. வாலிபாலுக்குத் தை பிறந்து பொங்கல் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை சரியாக இருக்கும். ஸ்கோர் ஷீட் எழுத ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.