நகருலாவில் நாம் கேட்க வேண்டிய கேள்வி

வெளிநாட்டுப் பயணம் என்பது ஒரு காலத்தில் வணிகர்க்கும் செல்வர்க்கும் மட்டுமே உரியதாயிருந்தது. இன்று நிலை மாறிவிட்டது. நம் மாணவர்களின் குடும்பங்களில் பல, மகனையோ மருமகனையோ காண்பதற்காகச் சிங்கப்பூர் சென்று வருகின்றன. பத்து நாட்கள் தங்குவோர் அவற்றுள் ஒரு மாலைப் பொழுதை நகருலாவிற்கு ஒதுக்குகின்றனர். வாடகைக் காரொன்றை அமர்த்தி, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, நான்கைந்து மணி நேரம் சுற்றி வருகின்றனர். ஊர் திரும்பியதும் நூறு படங்களைக் காட்டுகின்றனர். அப்படங்களில் ஒளி இருக்கிறது. உயர்ந்த கட்டடங்கள் இருக்கின்றன. அந்நகரம் எங்ஙனம் உண்டாயிற்று என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை.

இது குறித்து நம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம். தனி வழிகாட்டியுடன் செல்லும் மாலை உலா நல்லதொரு கல்வியாகலாம்; வெறும் வேடிக்கையாகவும் முடியலாம். இரண்டில் எது என்பதை முடிவு செய்வது நாம் கேட்கும் கேள்வியே. "இது என்ன? எவ்வளவு உயரம்?" என்பதோடு நின்றுவிடாமல், "இதை ஆக்கியவர் யார்?" என்றும் கேட்டல் வேண்டும். இதனை நாம் ஏட்டில் படித்து எழுதவில்லை. பிழை செய்து கற்றுக்கொண்டோம்.

அண்மையில் நாமும் நம் துணைவியாரும், கல்லூரி முதலாண்டில் பயிலும் இளைய மகனும் சிங்கப்பூர் சென்றிருந்தோம். ஒரு நாள் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு உலாப் புறப்பட்டோம். நமக்கு வாய்த்த வழிகாட்டி அறுபது வயது மதிக்கத்தக்க தமிழர். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். காரில் ஏறியதும், "எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் ஐயா?" என்று கேட்டார். "எல்லோரும் பார்ப்பதையே காட்டுங்கள்" என்றோம். அதுவே நாம் செய்த பிழை.

எல்லோரும் பார்ப்பதையே அவரும் காட்டினார். ஆற்றின் முகத்தில் நிற்கும் மெர்லயன் சிலையின் முன் நிறுத்தினார். சிங்கத் தலையும் மீனுடலும் கொண்ட அச்சிலை 8.6 மீட்டர் உயரமுடையது, 1972இல் திறக்கப்பட்டது, பின்னர் எழுந்த பாலமொன்று அதன் முகத்தை மறைத்தமையால் 2002இல் இப்போதைய இடத்திற்குப் பெயர்த்து வைக்கப்பட்டது. எதிர்க்கரையில் மூன்று கோபுரங்களின் தலைமேல் கப்பலொன்றை ஏற்றி வைத்தாற்போல நிற்பது 2010இல் திறக்கப்பட்ட மெரினா பே சாண்ட்ஸ். அந்த உச்சித் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மகன் படம் எடுத்துக் கொண்டேயிருந்தான். நாமும் வியந்து நின்றோம் என்பதை மறைப்பதற்கில்லை.

"அதற்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டவர் நம் துணைவியார். வழிகாட்டி சற்றுத் தயங்கி, விடுதியும் கடைகளும் சூதாட்டக் கூடமும் உள்ளன என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். வெளிநாட்டவர் அக்கூடத்திற்குள் கட்டணமின்றி நுழையலாம்; அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமோ ஒரு நாளைக்கு நுழைவுத் தீர்வை செலுத்த வேண்டும். தொடக்கத்தில் அது 100 வெள்ளி. 2019இல் 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. தன் மக்கள் உள்ளே செல்லாதிருக்கட்டும் என்று அரசே எழுப்பிய வேலி அது. விருந்தினரை வரவேற்கும் வாயிலில் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தடை! பளபளப்பான எந்தப் படத்திலும் இச்செய்தி இல்லை. ஒரு கேள்வி கேட்டதால் கிடைத்தது.

ஆறரை மணியளவில் சாலைச் சந்திப்பு ஒன்றில் கார் நின்றது. அருகில் ஒரு லாரி. பின்புறத்தில் வரிசையாக இளைஞர்கள் அமர்ந்திருந்தனர். சிலர் உறங்கிக் கொண்டிருந்தனர். அவர்களிடையே தமிழும் வங்க மொழியும் கலந்து ஒலித்தன. அதுவரை ஓயாது பேசிய வழிகாட்டி அங்கே மௌனமானார். நாம் கேட்டபின்தான் சொன்னார்: கட்டுமானத் தொழிலாளர்கள், வேலை முடிந்து நகர்ப்புறத்திற்கு அப்பாலுள்ள விடுதிகளுக்குத் திரும்புகின்றனர். ஆட்களை லாரியில் ஏற்றிச் செல்லும் இம்முறையை மாற்ற வேண்டுமென்று அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே குரல் எழுந்திருக்கிறது. 2020இல் கொரோனா நோய் பரவியபோது அங்கே தொற்றுக்குள்ளானோரில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய விடுதிகளில் நெருக்கமாக வாழ்ந்தவர்களே. விளக்கு மாறியது, லாரி ஒரு பக்கமும் நம் கார் மறுபக்கமும் சென்றன.

நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்நாட்டில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கே கதிரவன் மறைகிறான். மஃரிப் தொழ ஓர் இடம் வேண்டும் என்றோம். வழிகாட்டியின் முகம் மலர்ந்தது. "என் பட்டியலில் இல்லாத ஒரு தெருவுக்கு அழைத்துப் போகிறேன்" என்றார். வங்கிகளின் வான்தொடும் மாளிகைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் தெலுக் ஆயர் தெருவில் கார் நின்றது. அங்கே அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் கீற்றுக் குடிசையாக எழுந்ததால் தமிழ் முஸ்லிம்கள் அதனைக் 'குச்சுப் பள்ளி' என்றே அழைத்து வந்தனர். 1850களில் அது கற்கட்டடமாயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சூலியா மக்களின் பள்ளி அது.

வாசலில் சிமெண்டு படிந்த காலணிகள் சில கிடந்தன. தொழுகை முடிந்ததும் அருகில் நின்றவரோடு முஸாஃபஹா செய்தோம். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், பதினோராண்டுகளாக அங்கே உழைப்பவர். நம் மகன் வெளியே தெரிந்த உயர்ந்த கட்டடத்தைக் காட்டி, "அதன் உச்சியிலிருந்து பார்த்தால் கடல் தெரியுமா, அண்ணே?" என்று கேட்டான். அவர் சிரித்தார். "மேலே போனதில்லை தம்பி. இந்த ஊரில் நான் வேலை பார்த்ததெல்லாம் அஸ்திவாரத்தில்தான். கீழே தோண்டினால் சாம்பல் நிறக் களிமண் வரும். அதில் சிப்பி கிடக்கும். அப்போது தெரியும், இது கடல் இருந்த இடமென்று" என்றார். ஸலாம் கூறி விடைபெற்றார். அவருக்கு லாரியின் நேரம்.

கட்டடங்களின் உயரத்தை அறியப் பணம் கொடுத்து ஒருவரை அமர்த்தியிருந்தோம். அவற்றின் ஆழத்தை அறிந்தவரை வழியில் தற்செயலாகக் கண்டோம்.

அதன்பின் அவ்வுலாவின் போக்கே மாறிவிட்டது. "இந்தத் தெருவைக் கட்டியவர்கள் யார் ஐயா?" என்றோம். அக்கேள்விக்காகவே காத்திருந்தவர் போல வழிகாட்டி நம்மை நடத்திச் சென்றார். தெலுக் ஆயர் என்பது மலாய்ச் சொல். நீர் விரிகுடா என்பது பொருள். ஆங்கிலேயர் 1819இல் அங்கே வணிகத்தளம் அமைத்த காலத்தில் அத்தெருவே கடற்கரை. வந்திறங்கியோர் பயணம் காத்த இறைவனுக்கு நன்றி செலுத்திய இடமும் அதுவே. சில அடிகள் நடந்தால் நாகூர் தர்கா. நம் கடற்கரை நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது பாதுஷா அவர்களின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையே எழுப்பப்பட்டது; 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது; 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. அதே தெருவில் சீன ஹொக்கியன் மக்கள் தம் கடல் தெய்வத்திற்கு 1842இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் கோயில். சற்றுத் தொலைவில், சவுத் பிரிட்ஜ் சாலையில், 1826இல் நிறுவப்பட்ட ஜாமியா சூலியா பள்ளிவாசலும் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலும் அண்டை வீட்டார் போல நிற்கின்றன. அக்காலத்தில் கப்பல்களுக்கும் ஆற்றுக்குமிடையே சரக்குத் தோணி செலுத்தியவர்களில் சூலியா மக்கள் முன்னணியில் இருந்தனர் என்றும் வழிகாட்டி கூறினார்.

பின்னர் கம்போங் கிளாம் பகுதியிலுள்ள சுல்தான் பள்ளிவாசலைக் காட்டினார். அதன் பொன்னிறக் குவிமாடத்தின் அடியைச் சுற்றிக் கரியதொரு பட்டை தெரிகிறது. தொலைவிலிருந்து வண்ணப்பூச்சு எனத் தோன்றும். உண்மையில் அவை கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். இப்போதைய பள்ளி கட்டப்பட்ட 1920களில், பொருள் கொடுக்க இயலாத ஏழைகளும் பங்கு பெறட்டுமென்று அவர்களிடமிருந்து புட்டிகளைத் திரட்டி அங்கே பதித்தனர். வறியவரின் கொடையையும் குவிமாடத்திலேயே வைத்த அந்தப் பெருமக்களின் உள்ளத்தை என்னென்பது! பெரும் கட்டடங்கள் பலவற்றைப் பார்த்தோம். உழைத்தவரும் கொடுத்தவரும் கண்ணுக்குத் தெரியும்படி நின்றது அது ஒன்றே.

இறுதியாகக் கரையோரப் பூந்தோட்டத்தை அடைந்தோம். 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்த பெருமரக் கோபுரங்கள் இசைக்கேற்ப ஒளிர்ந்தன. மகன் படம் எடுக்கவில்லை. "வாப்பா, இதுவும் கடலாக இருந்த இடம்தானே?" என்று கேட்டான். ஆம், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் என்று வழிகாட்டி விடையளித்தார். விளக்குகளின் நிழலாடும் அந்த விரிகுடா நீரும் இப்போது கடல்நீரன்று. 2008இல் திறக்கப்பட்ட மெரினா தடுப்பணை கடலைப் பிரித்து அதனை நன்னீர்த் தேக்கமாக்கியிருக்கிறது. குடிநீருக்குப் பெரிதும் அண்டை நாட்டை நம்பியிருந்த ஒரு நாடு, தன் நிலப்பரப்பின் ஆறில் ஒரு பங்கில் விழும் மழையை அங்கே சேமிக்கிறது. நாற்றமெடுத்துக் கிடந்த ஆற்றைத் தூய்மை செய்ய 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் பாடுபட்டிராவிடில் இத்திட்டம் பயன் தந்திராது. கூவத்தையும் வைகையையும் அறிந்த நம் மாணவர்க்கு ஒளிக்காட்சியைவிட இச்செய்தி பெரிதன்றோ?

இவ்விடத்தில் இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, தனி வழிகாட்டி என்பது ஆடம்பரம். பேருந்தில் பலரோடு சென்றால் போதாதா என்பது. போதும், பார்ப்பது மட்டுமே நோக்கமாயின். பேருந்து கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டது. ஒருவருடைய கேள்விக்காகத் தெரு மாறாது. தொழுகைக்காக நாம் இடம் கேட்டபோது பட்டியலை மாற்ற அந்தப் பெரியவரால் முடிந்தது. செலவு மிகுதியெனில் இரண்டு குடும்பத்தார் சேர்ந்து செல்லலாம். அதற்கும் வழியில்லாதார், நாம் கூறிய தெருக்களைக் கட்டணமின்றிக் கால்நடையாகவே கண்டு வரலாம்.

மற்றொன்று, விருந்தாகச் சென்ற நாட்டில் லாரியையும் விடுதியையும் பேசுவது பண்பாகுமா என்பது. அந்நாட்டின் ஒழுங்கையும், தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி அளித்த பெருந்தன்மையையும் நாம் நன்றியுடன் போற்றுகின்றோம். ஆயினும் அந்த லாரியில் இருந்தோர் நம் மாவட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் அனுப்பும் பணத்தில் நம் ஊர்களில் வீடுகள் எழுகின்றன. தங்கையர் திருமணம் நடக்கிறது. நம் கல்லூரிக்கே கட்டணம் வருகிறது. அவர்களைக் காணாதது போல ஒளியை மட்டும் படமெடுத்துத் திரும்புவதே பண்புக் குறைவு. இனி அந்நகருக்குச் செல்வோர் ஒரு மாலையை உலாவிற்கு ஒதுக்குவது போல, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஊர்ப்பிள்ளை ஒருவனைத் தேடிக் கண்டு, உடனிருந்து உண்பதற்கும் ஒதுக்க வேண்டுகின்றோம்.

நம் துறை மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிங்கப்பூரின் அந்தச் சிறு தெருவை ஒருவர் இரண்டு மணி நேரம் சுவைபடச் சொல்லிக் காட்ட முடிகிறது. கப்பல் புறப்பட்ட இக்கரையில் நாகூரையும் கீழக்கரையையும் காயல்பட்டினத்தையும் அவ்வாறு காட்டவல்ல இளைஞர் எத்தனை பேர் நம்மிடம் உளர்? வெளியூர் விருந்தினர் ஒருவர் மாலையில் வந்து, "உங்கள் ஊரைக் காட்டுங்கள்" என்றால், உணவகத்தையும் கடைத்தெருவையும் தவிர எதைக் காட்டுவோம்? ஒவ்வொரு மாணவரும் இவ்விடுமுறையில் தம் ஊர்ப் பெரியவர்களிடம் அமர்ந்து கேட்கட்டும். பள்ளிவாசலுக்கு மரம் எங்கிருந்து வந்தது, குளத்தை வெட்டியவர் யார், முதலில் கப்பலேறியவர் யார், அவர் திரும்பி வந்தாரா என்று கேட்டு எழுதி வரட்டும். அவற்றைத் தொகுத்து வைக்கத் தமிழ்த்துறை முன்வர வேண்டும். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை மறந்துவிடலாகாது.

நாம் விடுதிக்குத் திரும்பியபோது இரவு பத்து மணி. வழிகாட்டிக்குரிய தொகையைக் கொடுத்து நன்றி கூறினோம். "நாளை வருகிறவர்களும் எல்லோரும் பார்ப்பதையே காட்டுங்கள் என்றுதான் சொல்வார்கள்" என்று சொல்லிச் சென்றார் அவர். இதைப் படிப்போரில் ஒருவரேனும் அவரிடம் வேறு விதமாகச் சொல்வாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.