கைநாட்டு சந்தியில், கணக்கு பெட்டியில்

அந்தக் காலத்தில் கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய லேவாதேவிக்காரன், அந்தத் தாளை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். வட்டிக்கு வட்டி போட்டு உறிஞ்சியவன்தான். ஆனாலும் ஏழையின் ரேகையை அவன் கடைத்தெருவில் ஒட்டி வைக்கவில்லை. சர்க்கார் அதையும் செய்து காட்டிவிட்டது.

நாம் மிகைப்படுத்தவில்லை. 2018இல் தெலுங்கானாவில் சிம் கார்டு விற்கும் ஒரு ஆசாமி, பத்திரப்பதிவு இலாகாவின் இணையதளத்தைத் திறந்தான். நிலம் வாங்கியவர், விற்றவர் பெருவிரல் ரேகைகள் பத்திரங்களில் அப்படியே இருந்தன. அவற்றை இறக்கி, ரப்பர் ஸ்டாம்பு செய்வதுபோல் விரல் அச்சு செய்து, அவர்கள் பேரில் சிம் கார்டுகளை எடுத்தான். இதே வித்தையால் வங்கிப் பணத்தையும் திருட முடியும் என்பதைப் பிற்பாடு பல ஊர்களில் வேறு திருடர்கள் காட்டினார்கள். கூலியையும் பென்ஷனையும் விரல் வைத்து எடுக்கும் கிராமத்து ஜனங்களுக்கு, விரல்தானே பெட்டிச் சாவி? பூட்டை மாற்றலாம்; விரலை மாற்ற முடியுமா?

இது ஒரு இலாகாவின் அசட்டை மட்டுமல்ல. 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் அரசின் இணையதளத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான முதியோர் பென்ஷன்காரர்களின் ஆதார் எண்கள் திறந்து கிடந்தன. அடுத்த மாதமே பெங்களூரைச் சேர்ந்த ஒரு ஆராய்ச்சி மையம், நூறு நாள் வேலைத் திட்டத் தளம் உட்பட நான்கு சர்க்கார் தளங்களில் சுமார் 13 கோடி ஆதார் எண்களும் 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் வெளிப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டது. அந்த ஆண்டு இறுதியில் ஆதார் ஆணையமே, மத்திய, மாநில அரசுகளின் சுமார் 210 தளங்கள் பயனாளிகளின் பெயர், விலாசம், ஆதார் எண்ணைப் பகிரங்கப்படுத்தியிருந்ததாக ஒப்புக்கொண்டது. எங்கள் பெட்டகத்திலிருந்து எதுவும் கசியவில்லை, அவற்றை நீக்கச் செய்துவிட்டோம் என்றும் சொன்னது. பெட்டகம் பத்திரமாக இருந்து என்ன பயன், சாவிகள் 210 இடங்களில் தொங்கினால்?

கேட்டால் அதிகாரிகள் 'வெளிப்படைத்தன்மை' என்பார்கள். இந்த இடத்தில் தொழிலாளி ஏமாந்துவிடக் கூடாது. ஏனென்றால், பதிவேட்டைத் திறந்து காட்டு என்று முதலில் கேட்டவனே கூலிக்காரன்தான். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில், மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் வேலைத்தளத்து மஸ்டர் ரோலை ஊர் நடுவில் உரக்க வாசித்தது. செத்தவர்கள் பேரில் கூலி! மண்வெட்டியைத் தொடாதவர்கள் பேரில் கூலி! அந்தக் கிளர்ச்சியின் பலன்தான் 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டம். அங்கே ஜனங்கள் கேட்டது யார் வேலை செய்தார், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதை. ஆதார் எண்ணையும் பாங்கிக் கணக்கையும் போட்டுக் காட்டு என்று எந்தக் கூலிக்காரன் மனுக் கொடுத்தான்?

ஆதார் எண்ணைப் பகிரங்கமாக வெளியிடக் கூடாது என்று 2016ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி கோர்ட்டில் புகார் செய்யும் உரிமை முதலில் ஆணையத்துக்கு மட்டுமே இருந்தது. 2018 ஜனவரியில் 500 ரூபாய்க்கு யாருடைய விவரத்தையும் வாங்கலாம் என்று சண்டிகர் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியபோது, ஆணையம் போலீசில் கொடுத்த புகாரில் அந்த நிருபரின் பெயரும் இருந்தது! பாதிக்கப்பட்டவரும் புகார் செய்யலாம் என்ற திருத்தம் 2019இல்தான் வந்தது.

இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். 2023இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை வெட்டிவிட்டது. முன்பு பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத அந்தரங்கத்தை மட்டும் மறுக்கலாம். இப்போது 'தனிநபர் தகவல்' என்ற ஒரு சொல்லே மறுக்கப் போதும். பொது நலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற வேறொரு பிரிவு பாக்கியிருக்கிறது. அதையும் தீர்மானிப்பவர் அதே அதிகாரிதான். கான்டிராக்டர் பெயர், அதிகாரியின் சொத்து, பட்டியலில் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்டால், அது அந்தரங்கம் என்று கதவை மூட வழி கிடைத்துவிட்டது. கிழவியின் கணக்கு எண் ஊருக்குத் தெரியலாம். அவள் பணத்தைத் தின்றவன் பெயர் தெரியக் கூடாதாம்.

மில் தொழிலாளியும் இதற்கு வெளியே இல்லை. பி.எப். கணக்கோடு ஆதாரை இணைத்தாக வேண்டும் என்று 2021இல் உத்தரவாகிவிட்டது.

2023 திருத்தம் ரத்தாக வேண்டும். பஞ்சாயத்துச் சுவரிலும் இணையத்திலும் போடும் பட்டியலில் பெயர், வேலை நாள், கூலி இருக்கட்டும். கணக்கு எண்ணும் ரேகையும் இருக்கக் கூடாது. அடுத்த கிராம சபையில் பட்டியலை வாங்கிப் பாருங்கள். உங்கள் ஆதார் எண் பன்னிரண்டு இலக்கமும் அதில் இருந்தால், அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.